வாசல் வெடிப்பும் ஒரு காட்டெருமையும்

2021 டிசம்பரில் ஒரு விடியற்காலை, எங்கள் வாசலின் தெற்கு மூலையில் காட்டெருமை ஒன்று கால் வைத்தது. வைத்த கால் காங்கிரீட் தளத்தோடு உள்ளே போய்விட்டது. சத்தம் கேட்டு ஜன்னல் திரையை விலக்கியபோது, அது முன்னங்காலை உருவிக்கொண்டு, எங்கள் வீட்டையே ஒரு முறை முறைத்துவிட்டு, தேயிலைக்குள் இறங்கிப் போனது. கோத்தகிரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காட்டெருமை வாசலுக்கு வருவதெல்லாம் சேதியே இல்லை. கறிவேப்பிலைச் செடியைத் தின்னாமல் போனால் சரி என்று திரையை இழுத்து மூடிவிட்டுத் தூங்குவோம். அன்றைக்கு வாசல் உடைந்த கோபத்தில் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். நாலு அங்குலத் தளம் ஒரு முறம் அளவுக்கு உடைந்து கீழே கிடந்தது. அது கிடந்த இடம்தான் வயிற்றைக் கலக்கியது. தளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. கையை விட்டால் மணிக்கட்டு தாண்டி உள்ளே போனது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், வீட்டுப் பக்கமாக இன்னும் நாலைந்து அடிக்கு இருட்டாகப் பொந்து. பதினைந்து வருடமாக அதன் மேல்தான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை அதன் மேல்தான் நாற்காலி போட்டு வெயில் காய்வார்.

காட்டெருமை மேல் பழி போட்டு முடித்திருக்கலாம். ஆனால் உடைந்த துண்டின் ஓரத்தில் ஓடிய கோடு எனக்கு நன்றாகத் தெரிந்த கோடு. நாங்கள் மூன்று தடவை அடைத்த வெடிப்பு அது.

வீடு 2006இல் கட்டியது. கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் நடுவில், சரிவில் நாலரை சென்ட். மலையில் சமதளம் வேண்டுமென்றால் ஒரே வழி: மேல்பக்கம் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரவுவது. எங்கள் வீடு வெட்டின பக்கத்தில் நிற்கிறது. வாசலில் பாதி வெட்டின மண், பாதி போட்ட மண். அந்தப் போட்ட மண்ணைக் கீழே ஒரு கல்கட்டுச் சுவர் தாங்கிக்கொண்டிருக்கிறது. 18 அடி அகலம், 28 அடி நீளம், ஒரே பலகையாக, நடுவில் ஒரு கோடுகூட விடாமல் காங்கிரீட் போட்டிருந்தார்கள். அழகாக இருக்கிறதென்று அன்றைக்கு நாங்களும் பாராட்டினோம்.

வெடிப்பு முதலில் கண்ணில் பட்டது 2017 வாக்கில். தலைமுடி மாதிரி, சரிவுக்குக் குறுக்கே, வீட்டுக்கு இணையாக ஓடியது. அடுத்த வருடம் ஐந்து ரூபாய் நாணயம் நிற்கிற அகலம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர் மிச்சமிருந்த சிமெண்டைத் தண்ணீரில் கரைத்து, "பால் ஊத்திட்டேன்க்கா, இனி ஒண்ணும் ஆகாது" என்றார். மேக்கப் போட்ட மாதிரி வெடிப்பு மறைந்தது. ஆடி வருவதற்குள் அதே இடத்தில், அதே நெளிவோடு, திரும்பத் தெரிந்தது. அடுத்த பொங்கலுக்கு நானே பால் ஊற்றினேன். அதற்கடுத்த பொங்கலுக்கும்.

சிமெண்ட் பால் ஏன் நிற்காது என்று இப்போது தெரியும். காய்ந்த பழைய காங்கிரீட், மேலே ஊற்றும் பாலின் ஈரத்தை மை ஒற்றும் தாள் மாதிரி உடனே இழுத்துக்கொள்ளும். சிமெண்ட் இறுகுவதற்குத் தேவையான தண்ணீர் அதற்கு மிஞ்சாது. மணல் சேராத வெறும் சிமெண்ட் காயும்போது மிகவும் சுருங்கும். வெடிப்புக்குள் இருக்கும் தூசும் பாசியும் அதை ஒட்டவிடாது. இவ்வளவையும் தாண்டி ஒட்டினாலும், வெடிப்பு அசைகிறதென்றால் கல் போல இறுகிய எதுவும் அங்கே தங்காது. நான்கு காரணம். இதில் ஒன்றுகூடத் தெரியாமல் நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அப்போதே சொன்னார். அவர் இலங்கையில் கண்டிப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிரிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த மலைக்கு வந்தவர். "லயத்துல மண் தரைதான் புள்ள. வெள்ளிக்கிழமை வந்தா சாணி மெழுகுவோம். வெடிச்சா வெடிச்ச எடத்துல ரெண்டு தரம் மெழுகுவோம். நீங்க சிமிட்டிய ஒரு தரம் போட்டுட்டு ஆயுசுக்கும் அப்பிடியே கெடக்கணும்ங்கிறீங்க." எனக்கு அது அப்போது குத்தலாகப் பட்டது. உண்மையில் அதைவிடச் சரியான பராமரிப்புக் குறிப்பை எந்த சிமெண்ட் மூட்டையிலும் நான் பார்த்ததில்லை.

மேஸ்திரி கிடைப்பதுதான் பெரும்பாடு. மாடி எடுக்க, ரிசார்ட்டுக்குக் காட்டேஜ் கட்ட ஆள் இருக்கிறார்கள். ஒரு மூலை உடைந்ததற்கு, ஒரு வெடிப்புக்கு யார் வருவார்கள்? "பாக்கலாங்க டீச்சர்" என்று மூன்று பேர் சொன்னார்கள். மலையில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். கடைசியில் வந்தவர், என்னிடம் படித்த ஒரு பையனின் தாத்தா. வேலையிலிருந்து ஏறக்குறைய ஓய்ந்துவிட்டவர். கரண்டிகூடக் கொண்டு வரவில்லை. ஒரு சின்னச் சுத்தியல் மட்டும்.

வாசல் முழுக்கத் தேங்காய் தட்டிப் பார்ப்பது போலத் தட்டிக்கொண்டே நடந்தார். வீட்டோரம் 'கண்' என்று கேட்டது. வெடிப்பைத் தாண்டியதும் பானையைத் தட்டின சத்தம். சாக்பீஸ் கேட்டார், அது மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. பானைச் சத்தம் கேட்ட இடத்தையெல்லாம் சுற்றிக் கோடு போட்டார். வாசலில் மூன்றில் ஒரு பங்கு கோட்டுக்குள் போய்விட்டது.

"ஒரு குடம் தண்ணி கொண்டாங்க."

கொண்டு வந்தேன். வெடிப்பில் மெதுவாக ஊற்றினார். குடம் காலியாகியும் தளத்தின் மேல் ஒரு சொட்டு நிற்கவில்லை. "இப்ப கீழ போய்ப் பாருங்க." கல்கட்டுச் சுவருக்குக் கீழே போய் நின்றேன். ஒன்றும் காணோம். இரண்டாவது குடம் ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, சுவரின் அடிக்கல் இடுக்கில் ஈரம் கசிந்து, பிறகு ஒழுகியது. தேநீர் நிறத்தில், செம்மண் கரைந்த தண்ணீர்.

"தெளிஞ்ச தண்ணியா வந்துதுன்னா பரவால்லைங்க. கலங்கலா வருது பாருங்க, அது உங்க மண்ணு. ஒவ்வொரு மழைக்கும் ஒரு சட்டி எடுத்துட்டுப் போயிருக்கு."

அந்த ஒரு சோதனைக்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று தோன்றியது. வீட்டைச் சுற்றி வெடிப்பு இருப்பவர்கள் எதையாவது வாங்கி அடைக்கும் முன், ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு அது எங்கே வெளியே வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்று பாருங்கள்.

அடுத்து அவர் நிமிர்ந்து பார்த்தது கூரையை. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாசலில், வெடிப்பிலிருந்து இரண்டடி தள்ளி வாயைத் திறந்துகொண்டு நின்றது. எங்கள் கூரை 900 சதுர அடி. பாதிக் கூரையின் தண்ணீர் அந்தக் குழாயில்தான் வருகிறது. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் பாதிக் கூரையில் மட்டும் ஏறக்குறைய 420 லிட்டர். இங்கே ஐப்பசி கார்த்திகையில் ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் பெய்வது அதிசயமில்லை. அப்படியானால் 4,200 லிட்டர், அந்த வெடிப்பின் காலடியில். 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மழை எங்கள் கூரையில் பெய்திருந்தால் மொத்தம் 68,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட ஆறு. கணக்குப் போட்டுப் பார்த்த அன்றே, பன்னிரண்டு அடி பிவிசி குழாயும் இரண்டு எல்போவும் வாங்கி, அந்த வாயைத் தெருச் சாக்கடை வரைக்கும் நீட்டிவிட்டோம். இந்த முழுக்கதையிலும் அதிகம் பலன் தந்த வேலை அதுதான், செலவு குறைந்ததும் அதுதான்.

நான் அன்றே சீலண்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, வாங்கப் புறப்பட்டேன். அவர் தடுத்தார். "எந்த வெடிப்பு நடக்குது, எந்த வெடிப்பு நின்னுருச்சுன்னு தெரியாம அடைச்சீங்கன்னா, மறுபடி பால் ஊத்துன கதைதாங்க." பழைய காலத்தில் வெடிப்புக்குக் குறுக்கே கண்ணாடிச் சில்லை வைத்துச் சிமெண்டால் ஒட்டிவிடுவார்களாம். வெடிப்பு அசைந்தால் கண்ணாடி பட்டென்று உடையும். அசையாவிட்டால் அப்படியே இருக்கும். என்னிடம் அதைவிட நல்ல சரக்கு இருந்தது. பள்ளி ஆய்வகத்தில் கீறல் விழுந்து ஒதுக்கிய நுண்ணோக்கி ஸ்லைடுகள். தேய்த்துக் கழுவிய இடத்தில் இரண்டு முனையிலும் எம்-சீல் வைத்து ஒட்டி, மேலே மார்க்கரில் தேதி எழுதினேன். வாசல் வெடிப்பில் மூன்று, பின்பக்கப் படியில் ஒன்று, சமையலறை ஓரத் தளத்தில் ஒன்று. கூடவே வெடிப்பின் இரு பக்கமும் பென்சிலால் புள்ளி வைத்து, ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். உடைந்த மூலைக்கு மேல் தற்காலிகமாக ஒரு கடப்பைக்கல். அத்தையின் நாற்காலி வீட்டோரத்துக்கு இடம் மாறியது.

ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தோம். ஜூனில் ஒன்றும் ஆகவில்லை. எங்கள் பக்கத்துக்குத் தென்மேற்கு சாரல்தான். வடகிழக்குதான் மாமியார் மாதிரி. (அத்தை இதைப் படிக்கமாட்டார்.) நவம்பரில் வாசல் ஸ்லைடு மூன்றும் உடைந்தன. படியிலும் சமையலறை ஓரத்திலும் ஒட்டியவை சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி அப்படியே இருந்தன.

இடையில் ஒரு சின்ன விலகல். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைக் கன்னேரிமுக்குக்கு அழைத்துப் போவேன். 1819இல் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலையில் கட்டத் தொடங்கிய பங்களா அங்கே இருக்கிறது. இடிந்து கிடந்ததைச் சீரமைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். அந்த முறை ஒரு பையன், "அப்ப எந்த கம்பெனி சிமெண்ட் டீச்சர்?" என்றான். நாம் இன்று சிமெண்ட் என்று சொல்லும் போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். கட்டடம் சிமெண்டைவிட ஐந்து வயது மூத்தது என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. அன்றைய சுண்ணாம்புக் காரைக்கு ஒரு குணம் உண்டு. மெல்லிய கீறல் விழுந்தால், மழைத் தண்ணீரில் கரையும் சுண்ணாம்பு அந்தக் கீறலுக்குள்ளேயே மறுபடி படிந்து அதை மூடிவிடும். நம் காங்கிரீட்டுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் இருக்கிறது. 0.1 மில்லிமீட்டர், மிஞ்சினால் 0.2 மில்லிமீட்டர் அகலம் வரைக்கும், அசையாத கீறலாக இருந்து ஈரமும் கிடைத்தால், வெள்ளைக் கோடு விழுந்து தானே ஆறும். வாசலில் ஆமை ஓடு மாதிரி மேலோட்டமாகப் பரவும் கீறல்களைக் கண்டு பயப்பட வேண்டாம் என்பது இதனால்தான். தளம் போட்ட அன்று மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்ததின் தழும்பு அது. அதற்குப் போய்ச் செலவு செய்யாதீர்கள்.

2023 தை பிறந்ததும் வேலை தொடங்கியது. இந்த மலையில் காங்கிரீட் வேலைக்குத் தை, மாசி விட்டால் நேரம் கிடையாது. சாக்பீஸ் கோட்டுக்குள் இருந்த தளத்தை முழுவதும் உடைத்து எடுத்தார்கள். கீழே பார்த்தபோது பொந்து நான் நினைத்ததைவிடப் பெரிது. போட்ட மண்ணில் பாதிக்கு மேல் கல்கட்டின் இடுக்கு வழியாக வெளியேறியிருந்தது. மிச்சம் இருந்ததில் என்னென்னவோ கிடைத்தது: செங்கல் துண்டு, சிமெண்ட் சாக்கு, மரக்கட்டை, ஒரு செருப்பு. கட்டுமானக் குப்பையை வாசலுக்கு அடியில் புதைத்து மூடியிருக்கிறார்கள். மரக்கட்டை மக்கின இடம் பொந்து, சாக்கு சுருங்கின இடம் பொந்து. அன்று கட்டியவர்கள் யாரென்று சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

கல்கட்டின் உள்பக்கம் முதலில் ஜல்லி, அப்புறம் மண்ணும் கிரஷர் தூளும் கலந்து, அரையடிக்கு அரையடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் லேசாக நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்தார்கள். மொத்தமாகக் கொட்டி மேலே நாலு இடி இடித்தால் மேல் அரையடி மட்டும்தான் இறுகும். 2006இல் நடந்தது அதுதான். இடிக்கிற வேலை இரண்டு நாள் பிடித்தது. காங்கிரீட் போட்டது அரைநாள்.

காங்கிரீட் போடும்போது எனக்கும் மேஸ்திரிக்கும் ஒரே ஒரு சண்டை. கலவையில் சித்தாள் பெண் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றப் போனார். வாரிப் போடக் கலவை இளகலாக இருந்தால் கை வலிக்காது. அவர் கஷ்டம் நியாயமானது. ஆனால் கூடுதலாக ஊற்றும் தண்ணீர் அத்தனையும் பிறகு ஆவியாகிப் போகும், அது விட்டுப்போன இடத்துக்குக் காங்கிரீட் சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். மேஸ்திரி "ஒரு குடத்துல என்னங்க" என்றார். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு மத்தியானம் டீக்குக்கூட அவர் உட்காரவில்லை.

இந்த முறை கோடு விட்டோம். நாலு அங்குலத் தளத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு அடிக்கு ஒரு மூட்டு வேண்டும். நாங்கள் ஒன்பது அடிக்கு ஒன்று வைத்து, மறுநாளே கட்டிங் மெஷினால் ஓர் அங்குல ஆழத்துக்கு அறுத்தோம். தளத்தின் தடிமனில் கால் பங்கு. காங்கிரீட் எப்படியும் வெடிக்கத்தான் போகிறது. பலவீனமான கோடு ஒன்றைக் கீறி வைத்தால் அந்தக் கோட்டுக்குள் வெடித்துக்கொள்ளும். நாம் கோடு போடாவிட்டால் அது தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும், 2017இல் போட்டுக்கொண்ட மாதிரி. வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகப் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு.

பிறகு ஈரச் சாக்கு. பத்து நாள். "பனி பெய்யுதுல்லங்க, அதே நனைக்கும்" என்பது மலையில் எல்லோரும் சொல்லும் சமாதானம். விடியற்காலைப் பனி மேல்தோலை நனைக்கும், உண்மைதான். பத்து மணிக்கு மேல் அடிக்கிற தை மாத வெயிலும் காற்றும் நனைந்ததை இரண்டு மடங்காக வாங்கிக்கொண்டு போய்விடும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது ஏழு நாள், அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பிபிசி (PPC, போர்ட்லாண்ட் பொசோலானா சிமெண்ட்) வகைக்குப் பத்து நாள் என்று நம் கட்டட விதிநூலே சொல்கிறது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிபிசிதான். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் நான், மத்தியானம் அத்தை.

பழைய தளமும் புதுத் தளமும் சேரும் இடம், அறுத்த மூட்டுகள், வீட்டுச் சுவரும் தளமும் சந்திக்கும் இடுக்கு, இவை எல்லாம் அசையும் இடங்கள். காங்கிரீட் பத்து மீட்டருக்கு இருபது டிகிரி சூட்டில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளும். எங்கள் வாசல் அகலத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, சிமெண்டைக் கழற்றிவிட அது போதும். அங்கே ரப்பர் மாதிரி இழுபடும் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்ட்தான் சரி. இந்த வேலையை நான் யாரிடமும் கொடுக்கவில்லை.

முதலில் இடுக்கைச் சீர் செய்ய வேண்டும். நெளிந்து ஓடும் பழைய வெடிப்பைக் கட்டிங் மெஷினால் இரு ஓரமும் அறுத்து, ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெட்டி மாதிரி வாய்க்கால் ஆக்கினேன். முகமூடி, கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். காங்கிரீட் தூசு நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. கிக்குயு புல்லின் வேர் வெடிப்புக்குள் முழங்கை நீளம் போயிருந்தது. அதை உருவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சைக்கிள் பம்பால் ஊதினேன். பாசி இருக்கும் இடத்தில் சீலண்ட் பாசியைத்தான் பிடித்துக்கொள்ளும், காங்கிரீட்டை அல்ல.

அடுத்தது பேக்கர் ராடு. நுரையால் செய்த கயிறு. இடுக்கைவிடக் கொஞ்சம் தடித்ததாக வாங்கி, அமுக்கி உள்ளே திணிக்க வேண்டும். கோத்தகிரியில் கிடைக்கவில்லை, கோவையில் வாங்கி வரச் சொன்னேன். இது எதற்கு, மிச்சம்பிடிக்கலாமே என்று தோன்றும். சீலண்ட் இரண்டு பக்கச் சுவரிலும் மட்டும் ஒட்ட வேண்டும். அடியிலும் ஒட்டிக்கொண்டால் இடுக்கு விரியும்போது அதற்கு இழுபட வழியில்லாமல் நடுவிலே கிழியும். நுரைக்கயிற்றில் அது ஒட்டாது. ஆழத்தையும் அதுவே அளந்து கொடுத்துவிடும்: ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். அந்தக் கணக்கில் 600 மில்லி பொட்டலம் ஒன்று பன்னிரண்டு மீட்டர் வரும். கயிறு வைக்காமல் அடிவரை நிரப்பினால் மூன்று மீட்டர்கூட வராது, கிழியவும் கிழியும்.

பதினொரு மணிக்கு, பனி ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் தொடங்கினேன். இரு ஓரமும் டேப் ஒட்டி, சீலண்டைப் பிதுக்கும் துப்பாக்கியை ஒரே சீராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த கரண்டிக் காம்பால் வழித்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே டேப்பை உரித்து, மேலே சலித்த மணலைத் தூவினேன். மணல் தூவினால் பளபளப்பு போய்த் தளத்தோடு சேர்ந்துகொள்ளும், காலும் வழுக்காது. மறுநாள் பார்த்தால் ஒரு பூனை குறுக்கே நடந்திருந்தது. நான்கு கால் தடம் இன்னும் இருக்கிறது.

சிலிகான் வேண்டாமா என்று கேட்பார்கள். குளியலறைக் கண்ணாடிக்கு ஒட்டும், திறந்தால் வினிகர் வாடை அடிக்கும் வகையைச் சமையலறை ஓரத்தில் ஒரு காலத்தில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து வரும் அமிலம் காங்கிரீட்டின் காரத்தோடு சேர்ந்து ஒட்டுகிற இடத்தையே கெடுத்துவிடுகிறது. தோல் மாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது.

ஸ்லைடு உடையாத பின்படி வெடிப்பு வேறு வகை. அது நின்றுவிட்ட வெடிப்பு. அதற்கு ரப்பர் வேண்டியதில்லை. உளியால் அகலப்படுத்தி, நன்றாக நனைத்து, மேலே தண்ணீர் நிற்காத பதம் வரும்வரை விட்டு, பால் மாதிரி இருக்கும் பாலிமர் திரவத்தில் சிமெண்ட் குழைத்துப் பூசி, அது பிசுபிசுப்பு மாறும் முன் சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்ற கலவையை அடைத்துத் தேய்த்தார் மேஸ்திரி. அரைமணி நேர வேலை. இன்றுவரை அசையவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல பெயரோடு முடிந்திருக்கும். கையில் துப்பாக்கியும் மிச்சச் சீலண்டும் இருந்தது. மாசி மாத விடுமுறை ஒன்றும் வந்தது. வீட்டைச் சுற்றி எங்கே இடுக்கு கண்டாலும் அடைத்தேன். வீட்டுக்குப் பின்னால், வெட்டின மண்ணைத் தாங்கி ஏழடி உயரத்தில் கல்கட்டுச் சுவர் நிற்கிறது. அதில் ஐந்தடிக்கு ஒன்றாக மூன்று அங்குலக் குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பாதி தூர்ந்து கிடந்தன. மீதியில் வருடம் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். கீழே சாக்கடைத் தளம் பாசி பிடித்து வழுக்கும். அதற்கு முந்தின வருடம் அத்தை அங்கே சறுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பித்தார். அந்தக் குழாய்களின் வாயில் துணியைத் திணித்து, மேலே கலவை வைத்துப் பூசி, பார்க்க லட்சணமாக மூடினேன். சாக்கடை காய்ந்தது. பாசி உதிர்ந்தது. சாதித்த திருப்தி எனக்கு எட்டு மாதம் நீடித்தது.

2023 நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் பின்கட்டுத் தளத்தின் மூட்டில் தண்ணீர் ஊற்று மாதிரி கொப்பளித்தது. சுவரில் அதுவரை காய்ந்திருந்த கல் இடுக்கெல்லாம் வியர்த்தது. மேல் வரிசையில் ஓர் இடத்தில் கல்லுக்கும் காரைக்கும் நடுவில் புதிதாக ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். குடையும் இல்லாமல், தலையில் சாக்கைக் கொங்காடி போட்டுக்கொண்டு வந்தார். சுவரை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"தண்ணி ஓட்டைய யாருங்க அடச்சது?"

பதில் சொல்லவில்லை. கம்பியை வைத்து இரண்டு அடி அடித்தார். என் பூச்சு பிய்ந்து, துணிப்பந்து பீய்ச்சிக்கொண்டு வந்து அவர் மார்பில் அடித்தது. பின்னாலேயே சேற்றுத் தண்ணீர், குழாய் திறந்துவிட்ட மாதிரி. ஒவ்வொன்றாக எட்டு ஓட்டையையும் திறந்தார். இரண்டு மணி நேரம் நிற்காமல் கொட்டியது. முதலில் கலங்கல், அப்புறம் தெளிவு.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன், தண்டனை மாதிரி. சுவருக்குப் பின்னால் மண் ஈரமாக இருப்பது வேறு, தண்ணீர் தேங்கி நிற்பது வேறு. ஏழடிக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது தள்ளும் விசை ஏறக்குறைய 2.3 டன் எடைக்குச் சமம். மண்ணின் தள்ளு தனி. வளர்ந்த ஆண் காட்டெருமை ஒரு டன் வரை இருக்கும். மீட்டருக்கு இரண்டு காட்டெருமை வீதம், நாற்பது அடிச் சுவருக்கு ஒரு மந்தையே தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது, நாங்கள் சுவரின் இந்தப் பக்கம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலத்துக்கு அருகே மண் சரிந்து பேருந்துகளை அடித்துக்கொண்டு போனதை இங்கே இன்னும் பேசுவார்கள். 2009இல் நீலகிரி முழுக்க நூற்றுக்கணக்கான சரிவு, நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர். அந்த அளவுக்கு எங்கள் ஏழடிச் சுவரை நான் ஒப்பிடவில்லை. ஆனால் மழைத் தண்ணீர் மண்ணுக்குள் போய் வெளியே வர வழியில்லாமல் நின்றது என்ற முதல் வரி எல்லாக் கதைக்கும் ஒன்றுதான்.

சுவரில் விழுந்த கோட்டை நாங்கள் பூசவில்லை. அதன் குறுக்கே ஒரு ஸ்லைடு ஒட்டியிருக்கிறேன். தேதி 2023 டிசம்பர் 3. இதுவரை உடையவில்லை. குழாய்களுக்குப் பின்னால் தூர்ந்திருந்த மண்ணைக் கம்பியால் குத்தி எடுத்து, எலி, பாம்பு வராமல் முனையில் வலை கட்டியிருக்கிறோம். ஐப்பசி பிறக்கும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, திரும்பி வருகிறதா என்று பார்ப்பது இப்போது ஆயுதபூஜைக்கு முந்தைய வேலைகளில் ஒன்று. பாசிக்குத் தீர்வு வேறு: சாக்கடைத் தளத்தைச் சொரசொரப்பாகக் கீறிவிட்டு, அத்தைக்குக் கைப்பிடிக் கம்பி போட்டோம்.

சீலண்ட் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. வெயில் அதிகம் படும் ஓர் இடத்தில் ஓரம் லேசாகப் பிரிந்திருக்கிறது. இந்தத் தையில் அந்த மூன்றடியை மட்டும் அறுத்து எடுத்து மறுபடி போட வேண்டும். அத்தையிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமையா பாத்து மெழுகு" என்றார்.

ஒரே ஓர் இடுக்கை மட்டும் இன்னும் அடைக்கவில்லை. வாசலின் வெளிமூலையில், படிக்கட்டு தொடங்கும் இடத்தில், ஏதோ பறவை போட்ட விதையில் ஒரு மணத்தக்காளிச் செடி முளைத்திருக்கிறது. துப்பாக்கியோடு போய் நின்றபோது அத்தை அதன் கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "இதையும் அடைக்கப்போறியா?" என்றார். வாட்டம் எந்தப் பக்கம் என்று குனிந்து பார்த்தேன். தண்ணீர் வீட்டை விட்டு வெளியேதான் போகிறது. சரி, இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். அன்றைக்கு மத்தியானம் மணத்தக்காளிக் கீரைச் சொதி.